உங்களுக்குத் தெரியுமா? தோற்ற தளபதியும் தோற்காத சாலையும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள கம்பர்லாந்து நகரிலிருந்து மேற்கே மலையேறுகிறது 40-ஆம் எண் நெடுஞ்சாலை. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்ததும், ஓரத்தில் கம்பம் நட்டு நிறுத்திய உலோகப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எட்வர்ட் பிராடக் என்ற ஆங்கிலேயத் தளபதி 1755-இல் காட்டை வெட்டிப் போட்ட ராணுவச் சாலையின் அடையாளங்கள் அவை. ஒவ்வொரு பலகையிலும் இருப்பது சில வரிகள்தான். அந்த வரிகளுக்குள் அடங்காத செய்திகள் ஏராளம்.

1. நீலப் பலகை, பொன்னிற எழுத்து

வரலாற்று இடங்களுக்கென்றே ஓர் ஆணையத்தைப் பென்சில்வேனியா 1913-இல் அமைத்தது. அடுத்த ஆண்டே அடையாளங்கள் வைக்கும் வேலை தொடங்கிவிட்டது. முதலில் வைத்தவை, பாறையிலும் சுவரிலும் பதித்த வெண்கலத் தகடுகள். கார்கள் பெருகிய பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஓடும் வண்டியிலிருந்து தகட்டை எப்படிப் படிப்பது? 1946 முதல் அலுமினியத்தில் வார்த்த நீலப் பலகைகள் வந்தன. நெடுஞ்சாலைக்குப் பெரிய எழுத்து, ஆட்கள் நடந்துபோகும் நகரத் தெருவுக்குச் சிறிய எழுத்து என்று இரண்டு வகை. இன்று மாநிலம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பலகைகள் நிற்கின்றன.

2. முதலில் வழி கண்டவர் நெமகோலின்

பலகைகளில் பிராடக்கின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. வழியைக் கண்டவர் அவர் அல்லர். அப்பலாச்சியன் மலைத்தொடரைக் கடந்து பொடோமாக் ஆற்றிலிருந்து மொனங்கஹீலா ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, பழங்குடி மக்கள் வேட்டைக்கும் வாணிபத்துக்கும் நடந்து நடந்து உண்டாக்கியது. 1750-ஐ ஒட்டி லெனாப்பே இனத்துத் தலைவர் நெமகோலின், தாமஸ் கிரெசப் என்ற குடியேறியுடன் சேர்ந்து இந்தப் பாதையைச் சீர்செய்து அடையாளமிட்டுக் கொடுத்தார். எந்த மேட்டைச் சுற்ற வேண்டும், எந்த ஓடையை எங்கே கடக்க வேண்டும் என்ற அறிவு அவருடையது. பிராடக்கின் படை பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் கோடரி வீசியது.

3. இரண்டு ஆறுகள் கூடும் இடம்

இவ்வளவு பாடும் எதற்காக? அலெகெனி, மொனங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஓஹையோ ஆறாகும் முக்கோண நிலத்துக்காக. அந்த இடம் யார் கையிலோ, உள்நாட்டுக்குப் போகும் நீர்வழி அவர்கள் கையில். பிரெஞ்சுக்காரர்கள் 1754-இல் அங்கே டுகேன் கோட்டையைக் கட்டினார்கள். அவர்களை விரட்டுவது பிராடக்குக்கு இடப்பட்ட வேலை. பீரங்கி இல்லாமல் கோட்டையைப் பிடிக்க முடியாது. பீரங்கி போக வேண்டுமென்றால் சாலை வேண்டும். மலைக்காட்டில் சாலை பிறந்த காரணம் இதுதான்.

4. வாஷிங்டன் சரணடைந்த ஒரே இடம்

பிராடக் வருவதற்கு முந்தைய ஆண்டே இதே பாதையில் 22 வயது இளைஞர் ஒருவர் வர்ஜீனியாப் படையுடன் வந்தார். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். கிரேட் மெடோஸ் என்ற புல்வெளியில் மரக்கட்டைகளை நட்டு, வட்டமாக ஒரு சிறு கோட்டை எழுப்பினார். 1754 ஜூலை 3 அன்று கொட்டும் மழையில் பிரெஞ்சுப் படையும் பழங்குடிப் போராளிகளும் சூழ்ந்துகொள்ள, சரணடைந்தார். வாழ்நாளில் அவர் எதிரியிடம் சரணடைந்தது அந்த ஒருமுறைதான். நெசசிட்டி கோட்டை என்ற அந்த இடம், இன்று 40-ஆம் எண் சாலையோரத்தில் தேசியப் போர்க்களப் பூங்கா.

5. வண்டி பிடித்துக் கொடுத்தவர் பிராங்க்ளின்

படை தயார், பீரங்கி தயார். வண்டிதான் இல்லை. ஊரூராக ஆளனுப்பித் தேடியும் கிடைத்தவை வெறும் 25 வண்டிகள். படையெடுப்பையே கைவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நான்கு நல்ல குதிரைகளும் ஓட்டுநரும் உள்ள வண்டிக்கு நாளொன்றுக்கு 15 ஷில்லிங் வாடகை என்று பென்சில்வேனியா விவசாயிகளுக்கு அறிவிப்பு அச்சிட்டார். இரண்டு வாரத்தில் 150 வண்டிகளும் 259 பொதிக்குதிரைகளும் வந்து நின்றன. பிராடக் யாரென்று விவசாயிகளுக்குத் தெரியாது. பிராங்க்ளின் சொந்தப் பெயரில் பிணையெழுதிக் கொடுத்த பிறகே வண்டியை அனுப்பினார்கள். போருக்குப் பின் இழப்பீடு கேட்டு அவர்கள் திரண்டபோது தொகை ஏறக்குறைய 20,000 பவுண்ட். அரசாங்கம் அதைக் கொடுக்க உத்தரவிட்டிராவிட்டால் பிராங்க்ளின் ஓட்டாண்டியாகியிருப்பார்.

6. இளநிலை அதிகாரிகளுக்கு 20 மூட்டைகள்

காட்டுக்குள் போகும் இளநிலை அதிகாரிகளுக்குச் சம்பளம் குறைவு, சாமான் வாங்க வழியில்லை என்று பிராங்க்ளினுக்குத் தெரியவந்தது. பென்சில்வேனியா சட்டமன்றக் குழுவிடம் பேசி, ஆளுக்கொரு மூட்டையாக 20 மூட்டைகளை 20 குதிரைகளில் ஏற்றி அனுப்பவைத்தார். குதிரையும் அன்பளிப்பே. மூட்டைக்குள் சர்க்கரை, இரண்டு வகைத் தேயிலை, அரைத்த காபித்தூள், சாக்லேட், பாலாடைக்கட்டி, 20 பவுண்ட் வெண்ணெய், உப்பிட்ட பன்றித்தொடை, உலர்த்திய நாக்கிறைச்சி, அரிசி, உலர்திராட்சை, கடுகுப் பொடி, மதுப் புட்டிகள். சில வாரங்களில் சாகப்போகும் பல இளைஞர்களுக்கு ஊர் வீட்டின் ருசி கடைசியாகக் கிடைத்தது அந்த மூட்டையில்தான்.

7. 12 அடி அகலம், 110 மைல் காடு

கம்பர்லாந்துக் கோட்டையிலிருந்து டுகேன் கோட்டைக்குத் தூரம் சுமார் 110 மைல். திட்டமிட்ட அகலம் 12 அடி. முன்னே கோடரிக்காரர்கள் மரத்தைச் சாய்ப்பார்கள். அடுத்த கூட்டம் கிளைகளைக் கழித்து ஓரம் தள்ளும். பாறை குறுக்கிட்டால் வெடிமருந்து வைத்துத் தகர்க்க வேண்டும். சதுப்பு வந்தால் மரத்துண்டுகளை நெருக்கி நெருக்கிக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் வண்டியை ஓட்ட வேண்டும். சில நாட்களில் இரண்டு மைல் நகர்ந்தாலே பெரிது. முதல் மலையை ஏறி இறங்குவதற்குள்ளேயே மூன்று வண்டிகள் சுக்குநூறாயின. இன்னும் பல ஆட்டம் கண்டன.

8. மலையில் கடற்படைக்கு என்ன வேலை?

படையில் 30 கடற்படை மாலுமிகளும் இருந்தார்கள். கப்பலில் பாய்மரத்தையும் பாரத்தையும் கயிறு, கப்பி கொண்டு ஏற்றி இறக்கிப் பழகிய கைகள் அவை. செங்குத்தான சரிவில் பீரங்கியை மெல்ல இறக்க அந்தக் கைகளே உதவின. மலையைச் சுற்றி ஆற்றோரமாகப் போக இன்னும் எளிதான வழி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தவரும் கடற்படை லெப்டினன்ட் ஸ்பெண்டிலோதான். முதலில் வெட்டிய மலைவழியை விட்டுவிட்டு, படை அந்தப் பக்கம் திரும்பியது.

9. பட்டப்பகலில் இருட்டு

இன்றைய கிரான்ட்ஸ்வில் ஊருக்குக் கிழக்கே வெள்ளைப் பைன் மரங்கள் வானை மூடி நின்ற காடொன்று இருந்தது. நண்பகலிலும் தரையில் வெயில் விழாது. வழிப்போக்கர்கள் அதற்கு வைத்த பெயர் 'சாவின் நிழல்கள்'. சாலை அதற்குள்ளேதான் போனது. படையும் வண்டிகளும் சுமார் நான்கு மைல் நீளத்துக்கு நீண்டு, தலைக்கும் வாலுக்கும் தொடர்பில்லாமல் தவித்தன. கடைசியில் பிராடக், 1,300 பேரளவில் பொறுக்கியெடுத்து முன்னே விரைந்தார். கனமான வண்டிகளுடன் கர்னல் டன்பார் பின்தங்கினார்.

10. சிங்காஸ் கேட்ட கேள்வி

லெனாப்பே தலைவர்களில் ஒருவரான சிங்காஸ், பிரெஞ்சுக்காரர்களை விரட்டிய பிறகு இந்த நிலம் யாருக்கு என்று பிராடக்கிடம் கேட்டார். ஆங்கிலேயர் மட்டுமே இங்கே வாழ்வார்கள், பழங்குடிகளுக்கு இதில் உரிமையில்லை என்பது பதில். பின்னாளில் சிறைபிடிபட்ட குடியேறி ஒருவர், சிங்காஸிடமே இதைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். சொந்த நிலத்தில் குடியிருக்கவே உரிமை இல்லையென்றால், அதற்காக அவர்கள் ஏன் போரிட வேண்டும்? பலர் விலகினார்கள், பலர் பிரெஞ்சுப் பக்கம் போனார்கள். கடைசி வரை வந்த பழங்குடி வழிகாட்டிகள் எட்டுப் பேர் மட்டுமே.

11. நண்பனின் மகனைக் கொன்ற குண்டு

அந்த எட்டுப் பேருக்கும் தலைவர், ஒனைடா இனத்து ஸ்காருயாடி. போருக்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 6 அன்று, சொந்தப் படையினரே எதிரி என்று நினைத்துச் சுட்டதில் அவருடைய மகன் இறந்தார். பிராடக் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார். மகனைப் பறிகொடுத்த பிறகும் ஸ்காருயாடி படையைவிட்டுப் போகவில்லை. சாலையோரப் பலகைகளில் ஒரு தனிப் பலகைக்குரிய மனிதர் அவர்.

12. படையோடு வந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு

ராணுவ மருத்துவமனையின் தலைமைப் பணிப்பெண்ணாக வந்தவர் சார்லட் பிரவுன் என்ற விதவை. லண்டனிலிருந்து கப்பலேறியது முதல் நாட்குறிப்பு எழுதினார். குண்டும் குழியுமான வழியில் வண்டியில் குலுங்கிக்கொண்டு கம்பர்லாந்துக் கோட்டை வரை வந்ததையும், காய்ச்சலையும் வயிற்றுக்கடுப்பையும், தோல்விச் செய்தி வந்தபோது கோட்டையிலிருந்த பெண்கள் கதறியதையும் அதில் காணலாம். உடன்வந்த சகோதரரை அவர் இழந்ததும் அந்தக் கோட்டையில்தான்.

13. சாலையே பொறியானது

1755 ஜூலை 9. மொனங்கஹீலா ஆற்றை இரண்டுமுறை கடந்து, கோட்டைக்குப் பத்து மைலுக்குள் வந்துவிட்டார்கள். பிற்பகலில் எதிர்ப்பட்டது சுமார் 900 பேர் கொண்ட படை. அதில் பெரும்பான்மையினர் பழங்குடிப் போராளிகள். பிரெஞ்சுத் தளபதி போஷூ தொடக்கத்திலேயே வீழ்ந்தார். ஆனாலும் அவருடைய ஆட்கள் இரு பக்கக் காட்டிலும் பரவி, மரத்தின் பின்னிருந்து சுட்டார்கள். முன்வரிசை பின்வாங்க, பின்வரிசை முன்னேற, இரண்டும் அந்த 12 அடிச் சாலையில் முட்டி மோதி, குதிரில் அடைபட்ட நெல்லாகச் சிக்கிக்கொண்டன. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 900 ஆங்கிலேயப் படையினர் இறந்தோ காயமடைந்தோ விழுந்தனர். அதிகாரிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரும் அதில் அடக்கம்.

14. மேலங்கியைத் துளைத்த நான்கு குண்டுகள்

வாஷிங்டன் அப்போது பிராடக்கின் உதவியாளர். கடும் காய்ச்சலில் பல நாள் பின்தங்கிக் கிடந்தவர், போருக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தார். உட்கார முடியாததால் சேணத்தின்மேல் தலையணை கட்டிக்கொண்டு குதிரையேறினார். அன்று இரண்டு குதிரைகள் அவருக்குக் கீழே சுடப்பட்டு விழுந்தன. மேலங்கியில் நான்கு குண்டுகள் துளைத்துப் போயின. உடம்பில் கீறல்கூட இல்லை.

15. சாலைக்கு நடுவே ஒரு கல்லறை

படுகாயமடைந்த பிராடக் ஜூலை 13 அன்று இறந்தார். பின்வாங்கும் வழியில், தான் வெட்டிய சாலையின் நடுவிலேயே அவரைப் புதைத்தார்கள். பாதிரியார் காயப்பட்டுக் கிடந்ததால் இறுதிச் சடங்கை நடத்தியவர் வாஷிங்டன். எதிரி தோண்டியெடுத்து அவமதிக்கக் கூடாது என்று, மூடிய மண்மேல் படையினர் நடந்தார்கள், வண்டிகள் உருண்டன. புதைத்த சுவடே தெரியாமல் போயிற்று. 1804-இல் சாலையைச் செப்பனிட்ட தொழிலாளர்கள் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அவை பிராடக்குடையவை என்று கருதி அருகில் அடக்கம் செய்தார்கள். அங்கே கருங்கல் நினைவுச்சின்னம் எழுந்தது 1913-இல்.

16. சாகும் தறுவாயில் கொடுத்த பரிசு

பிராடக் அணிந்திருந்த சிவப்புப் பட்டு இடைக்கச்சை வாஷிங்டன் கைக்கு வந்தது. அவருடைய மவுன்ட் வெர்னன் இல்லத்தில் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

17. ஒரே சாலையில் நாளைய எதிரிகள்

முன்னணிப் படையை நடத்திய தாமஸ் கேஜ், 20 ஆண்டுகள் கழித்து பாஸ்டனில் ஆங்கிலேயப் படைத்தலைவர். அன்று காயமடைந்த ஹொரேஷியோ கேட்ஸ், 1777-இல் சரடோகாவில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த அமெரிக்கத் தளபதி. வண்டியோட்டிகளில் ஒருவர் டேனியல் மார்கன், அவரும் சரடோகா வீரர். இன்னொருவர், பின்னாளில் கென்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன். அமெரிக்க விடுதலைப் போரின் இரு தரப்பாரும் ஒன்றாகத் தோற்ற இடம் இது.

18. வெட்டிய வழியில் வந்த வினை

தோல்விக்குப் பின் டன்பார் தன் வண்டிகளையும் தளவாடங்களையும் அழித்துவிட்டு, எஞ்சிய படையுடன் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். காவலின்றிக் கிடந்த சாலை இப்போது எதிர்த்திசைக்குப் பயன்பட்டது. மேரிலாந்து, வர்ஜீனியா எல்லைக் குடியிருப்புகளைத் தாக்க வந்தவர்களுக்கு வழி திறந்தே இருந்தது.

19. கோட்டையைப் பிடித்தது வேறு சாலை

1758-இல் ஜெனரல் ஜான் ஃபோர்ப்ஸ் மறுபடி புறப்பட்டார். பழைய சாலையிலேயே போகலாம் என்று வாஷிங்டன் மன்றாடியும் கேட்காமல், பென்சில்வேனியா வழியாகப் புதுச் சாலை வெட்டினார். இடையிடையே பெட்ஃபோர்ட், லிகோனியர் என்று கோட்டைகள் கட்டிக்கொண்டே நகர்ந்தார். குதிரையேற முடியாத அளவுக்கு நோய். இரண்டு குதிரைகளுக்கு நடுவே கட்டிய தொட்டிலில் படுத்தபடியே படை நடத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் டுகேன் கோட்டையை அவர்களே கொளுத்திவிட்டு வெளியேறினார்கள். அந்த இடத்துக்கு அவர் இட்ட பெயரே இன்றைய பிட்ஸ்பர்க்.

20. போரில் தோற்ற சாலை, வாழ்க்கையில் வென்றது

1763-இல் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று ஆங்கிலேய அரசர் ஆணையிட்டார். ஆனாலும் பிராடக் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டேயிருந்தன. 1806-இல் ஜெபர்சன் ஆட்சியில் தேசியச் சாலைக்குச் சட்டம் வந்தது. 1811-இல் கம்பர்லாந்தில் தொடங்கி, 1818-இல் ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் வரை போனது. மத்திய அரசு போட்ட முதல் பெருஞ்சாலை அது. மலைப்பகுதியில் பல மைல் தூரம் பிராடக் தடத்தை ஒட்டியே போகும் அந்தச் சாலையே இன்றைய 40-ஆம் எண் நெடுஞ்சாலை.

21. போர்க்களத்தில் எஃகு ஆலை

படை அழிந்த ஆற்றங்கரையில் உருவான ஊரின் பெயரும் பிராடக். அங்கேதான் ஆண்ட்ரூ கார்னகியின் எட்கர் தாம்சன் எஃகு ஆலை 1875-இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகமும் 1889-இல் அங்கேயே திறந்தது. வாஷிங்டன் நகருக்கு அருகே அலெக்சாண்ட்ரியாவில் 'பிராடக் ரோடு' என்ற மெட்ரோ ரயில் நிலையமே இருக்கிறது.

22. நடந்தே தேடியவர்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய தடம் பல இடங்களில் வயலாகவும் புதராகவும் மறைந்திருந்தது. ஜான் கென்னடி லேகாக் என்ற ஆய்வாளர் அதை நடந்தே தேடி வரைபடமாக்கினார். உடன்போன புகைப்படக்காரர் எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக வந்தன. நெசசிட்டி கோட்டைப் பூங்காவிலும் கல்லறை அருகிலும் இன்றும் தடத்தைப் பார்க்கலாம். மரங்களுக்கிடையே நீண்டு போகும் ஆழமில்லாத பள்ளம் அது. சக்கரமும் குளம்பும் பல பத்தாண்டுகள் அழுத்தி, மழைநீர் அரித்து இறங்கிய மண்.

23. ஒரே ஒப்பந்தத்தில் ஓஹையோவும் புதுச்சேரியும்

இங்கே தொடங்கிய மோதல் உலகப் போராக விரிந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1760-இல் வந்தவாசியில் மோதினார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. 1763 பாரிஸ் ஒப்பந்தம் இரண்டு கணக்கையும் சேர்த்தே தீர்த்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த நிலத்தைப் பிரான்ஸ் பிரிட்டனுக்குக் கொடுத்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. அந்தப் பேச்சில் லெனாப்பே மக்களுக்கு இடமில்லை, தமிழ் மக்களுக்கும் இல்லை.

24. பலகையையும் திருத்தலாம்

பென்சில்வேனியாவில் அண்மை ஆண்டுகளில் பழைய பலகைகளின் வாசகங்களை மறுபரிசீலனை செய்து, சிலவற்றைத் திருத்தியும் சிலவற்றை அகற்றியும் வருகிறார்கள். இது வரலாற்றை அழிப்பதாகாது, முழுமையாக்குவது. சாலை என்பது ஆணையிட்டவருக்கு மட்டும் உரியதன்று. வழி கண்ட நெமகோலின், மகனை இழந்த ஸ்காருயாடி, பெயர் பதிவாகாத கோடரிக்காரர்கள், வண்டி கொடுத்த விவசாயிகள், காயத்துக்குக் கட்டுப்போட்ட பெண்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. எந்த ஊர்ச் சாலையோரத்தில் எந்தப் பலகையைப் படித்தாலும், இந்த வழியில் முதலில் நடந்தவர் யார், இதை வெட்டியவர் யார், இதனால் நிலமிழந்தவர் யார் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். விடை பலகையில் இல்லையென்றால், எழுதச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.